கேஸ் பிளாஸ்ட் பிரேக்கர்ல ஆர்க் எப்படி அணையுது, அதை வச்சு டெஸ்ட் ரிப்போர்ட்டை எப்படி படிக்கிறது

சர்க்யூட் பிரேக்கர்ங்கறது ஃபால்ட் (ஷார்ட் சர்க்யூட் மாதிரி கோளாறு) வந்தா கரண்டை அறுக்கிற சுவிட்ச். அதை படிக்க ஆரம்பிக்கிறவங்க மனசுல முதல்ல உக்கார்ற படம் விளக்கை ஊதி அணைக்கிற படம்தான், கான்டாக்ட் (தொட்டுக்கிட்டு கரண்டை கடத்துற உலோக முனைகள்) பிரியுது, நடுவுல ஆர்க் (கரண்ட் ஓடுற சூடான பிளாஸ்மா) வருது, கேஸ் வேகமா அடிக்குது, ஆர்க் அணைஞ்சுடுது. முதல்ல அந்த படத்தை அழிச்சுடுங்க. 40 கிலோ ஆம்பியர் ஓடிட்டு இருக்கிற ஆர்க்கை எந்த கேஸாலயும் நடுவுல ஊதி அணைக்க முடியாது, முடிஞ்சாலும் அப்படி பண்ணக்கூடாது, ஏன்னா அந்த லைன்லயும் டிரான்ஸ்ஃபார்மர்லயும் இருக்கிற இண்டக்டன்ஸ்ல தேங்கி நிக்கிற எனர்ஜி போக வழி இல்லாம வோல்டேஜா எகிறி இன்சுலேஷனை கிழிச்சுடும்.

ஏசில கரண்ட் தானா ஜீரோவுக்கு வரும். 50 ஹெர்ட்ஸ்னா 10 மில்லி செகண்டுக்கு ஒரு தடவை, 60 ஹெர்ட்ஸ்னா சுமார் 8.3 மில்லி செகண்டுக்கு ஒரு தடவை. அந்த ஜீரோல ஆர்க்குக்கு உள்ள போற பவரும் ஜீரோ, அதனால ஒரு நொடிப்பொழுது அது தானாவே செத்த மாதிரிதான். பிரேக்கரோட வேலை அது திரும்ப உயிர் பெறாம பாத்துக்கிறது மட்டும்தான். இந்த ஒரு விஷயம் புரிஞ்சா நாஸில் (கேஸ் பாயற குழாய் முனை) ஏன் அந்த ஷேப்ல இருக்கு, பஃபர் (கேஸை நசுக்கற சிலிண்டரும் பிஸ்டனும்) எதுக்கு, டைமிங் டெஸ்ட் எதுக்கு, டிசிஆர்எம் (கான்டாக்ட் நகரும்போதே ரெசிஸ்டன்ஸை அளக்கற டெஸ்ட்) எதுக்கு எல்லாமே ஒரே கோட்டுல வந்து நிக்கும்.

முதல்ல கரண்ட் ஜீரோவை கிட்ட போய் பாருங்க

கையில ஒரு கால்குலேட்டர் எடுத்துக்கோங்க, இதை ஒரு தடவை நீங்களே போட்டு பாத்தாதான் மனசுல நிக்கும். 40 கிலோ ஆம்பியர் ஆர்எம்எஸ், 50 ஹெர்ட்ஸ். பீக் சுமார் 56.6 கிலோ ஆம்பியர். ஜீரோவை தாண்டும்போது கரண்ட் எவ்வளவு வேகமா இறங்குதுன்னு பாக்க பீக்கை 314ஆல (2π × 50) பெருக்குங்க, செகண்டுக்கு 1.78 கோடி ஆம்பியர்னு வரும், அதாவது ஒரு மைக்ரோ செகண்டுக்கு கிட்டத்தட்ட 18 ஆம்பியர். அப்போ ஜீரோவுக்கு 10 மைக்ரோ செகண்ட் முன்னாடி அந்த ஆர்க்ல ஓடுறது கிட்டத்தட்ட 180 ஆம்பியர்தான், ஒரு மைக்ரோ செகண்ட் முன்னாடி 18 ஆம்பியர். பீக்ல 20,000 கெல்வின் வரைக்கும் சூடா தடிமனா நின்ன பிளாஸ்மா தூண் இப்போ ஒரு மெல்லிய இழையா சுருங்கி நிக்குது. கேஸ் ஃப்ளோ ஜெயிக்கிறது இந்த இடத்துலதான். பீக்ல ஃப்ளோ செய்யறது எல்லாம் இந்த சில மைக்ரோ செகண்டுக்கான ஏற்பாடு.

ஜீரோவை தாண்டினதும் இரண்டு கட்டமா சண்டை நடக்கும், இதை பிரிச்சு பிரிச்சு புரிஞ்சுக்கோங்க.

முதல் கட்டம் தெர்மல். கரண்ட் ஜீரோ ஆனாலும் அந்த இழை உடனே இன்சுலேட்டர் ஆகிடாது, இன்னும் சூடா இருக்கு, இன்னும் கொஞ்சம் கண்டக்ட் பண்ணும். அதே நேரம் சிஸ்டம் கான்டாக்ட் இரண்டுக்கும் நடுவுல வோல்டேஜை ஏத்த ஆரம்பிக்குது, இதைத்தான் டிரான்ஸியன்ட் ரெக்கவரி வோல்டேஜ், சுருக்கமா டிஆர்வின்னு சொல்றோம். வோல்டேஜும் இருக்கு, கொஞ்சம் கண்டக்டிவிட்டியும் இருக்குன்னா ஒரு குட்டி போஸ்ட் ஆர்க் கரண்ட் ஓடும், அது இழையை சூடாக்கும், கேஸ் அதை குளிர வைக்கும். குளிர வைக்கிறது ஜெயிச்சா இழை அறுந்துடும், சூடு ஜெயிச்சா ஆர்க் திரும்ப வந்துடும், பிறகு அடுத்த ஜீரோ வரைக்கும் காத்திருக்கணும். மொத்தமும் சில மைக்ரோ செகண்டுக்குள்ள முடிஞ்சுடும். 1939ல கேஸியும் 1943ல மேயரும் போட்ட ஆர்க் சமன்பாடுகள் இந்த எனர்ஜி கணக்கைத்தான் சொல்லுது, இன்னிக்கும் சிமுலேஷன் பண்றவங்க அதுல இருந்துதான் ஆரம்பிக்கிறாங்க.

இரண்டாவது கட்டம் டைஎலக்ட்ரிக். இழை அறுந்தாச்சு, ஆனா அந்த இடத்துல இருக்கிறது இன்னும் சூடான, அடர்த்தி குறைஞ்ச கேஸ். டிஆர்வி இப்போ பீக்கை நோக்கி ஏறுது. கேப்போட, அதாவது கான்டாக்ட் நடுவுல இருக்கிற இடைவெளியோட, வோல்டேஜ் தாங்கும் சக்தி ஏறுற வேகமும் டிஆர்வி ஏறுற வேகமும் போட்டி போடுது, 1928ல ஸ்லெபியன் இதை ரேஸ்னே சொன்னார். கேப் எந்த நேரத்துலயும் டிஆர்விக்கு கீழ இறங்கிடக்கூடாது, இறங்கினா பிரேக்டவுன்.

245 கேவி பிரேக்கருக்கு டெர்மினல் ஃபால்ட்ல (பிரேக்கர் முனையிலயே ஷார்ட்) ஐஇசி 62271-100ங்கற சர்வதேச தரம் கேக்கிற டிஆர்வி பீக் 364 கேவி, முழு ரேட்டட் கரண்ட்ல ஏறுற வேகம் மைக்ரோ செகண்டுக்கு 2 கேவி. இதுவே பெருசா தெரியுதுல்ல, ஆனா தெர்மல் கட்டத்துல பிரேக்கரை உண்மையிலேயே பிழியறது ஷார்ட் லைன் ஃபால்ட். பிரேக்கர்ல இருந்து கொஞ்ச தூரத்துலயே லைன்ல ஃபால்ட் ஆனா, அந்த துண்டு லைன்ல அலை போய் மோதி திரும்பி வந்து ரம்பப் பல் மாதிரி வோல்டேஜ் கிளம்பும். ஃபால்ட் கரண்ட் 40 கிலோ ஆம்பியர்ல 90 சதவீதம்னு வைங்க, லைனோட சர்ஜ் இம்பீடன்ஸ் (ஓடற அலைக்கு லைன் காட்டற தடை) 450 ஓம், ஜீரோல சரிவு மைக்ரோ செகண்டுக்கு 16 ஆம்பியர், பெருக்கினா மைக்ரோ செகண்டுக்கு 7.2 கேவி வருது. கரண்ட் குறைவு, வோல்டேஜ் பீக்கும் குறைவு, ஆனா ஏற்றம் மூணரை மடங்கு செங்குத்து, அதுவும் இழை இன்னும் ஆறாத நேரத்துல.

கேஸ் என்ன பண்ணுது

ஏர் பிளாஸ்ட்ல காத்தை 20 முதல் 30 பார் வரைக்கும் கம்ப்ரஸ் பண்ணி டேங்க்ல வச்சிருப்பாங்க, டிரிப் வந்ததும் வால்வு திறந்து நாஸில் வழியா ஆர்க் மேல அடிக்கும். ஃப்ளோ ஆர்க்கோட நீளவாக்குல போனா ஆக்ஸியல் பிளாஸ்ட், குறுக்க அடிச்சு ஆர்க்கை தடுப்புகளுக்குள்ள தள்ளினா கிராஸ் பிளாஸ்ட். வேகமான பிரேக்கர், நெருப்பு பயம் இல்ல, ஆனா கம்ப்ரஸர் பிளான்ட் வேணும், சத்தம் வெடி மாதிரி இருக்கும், டிஆர்வி செங்குத்தா ஏறினா காத்துக்கு தாங்காது, அதனால உயர் வோல்டேஜ்ல பல பிரேக்கை (கான்டாக்ட் இடைவெளியை) சீரிஸ்ல போட்டு, வோல்டேஜை சமமா பிரிக்க கிரேடிங் கெபாசிட்டர் வச்சு, பல இடத்துல ரெசிஸ்டரும் சேர்த்துதான் சமாளிச்சாங்க.

இதுல இன்னொரு சிக்கல், காத்தோட வேகம் டேங்க் பிரஷரை பொறுத்தது, கரண்டை பொறுத்தது இல்ல. அதனால சின்ன கரண்டுக்கும் அதே முழு அடி விழும். லோடு இல்லாத டிரான்ஸ்ஃபார்மரை ஆஃப் பண்ணும்போது கரண்ட் தானா ஜீரோவுக்கு வர்றதுக்கு முன்னாடியே அறுந்துடும், கரண்ட் சாப்பிங்னு சொல்றது இதைத்தான். உதாரணத்துக்கு 1 ஹென்ரி இண்டக்டன்ஸ், 10 நானோ ஃபாரட் கெபாசிட்டன்ஸ் இருக்கிற இடத்துல 10 ஆம்பியர்ல அறுந்தா, டாம்பிங்கை விட்டுட்டு பாத்தா 100 கேவி வரைக்கும் எகிறும். அதிகமா ஊதினா நல்லதுன்னு நினைக்கிறவங்களுக்கு இந்த கணக்கை போட்டு காட்டுங்க.

எஸ்எஃப்6 (சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளூரைடு கேஸ்) வேற ரகம். மூலக்கூறு எடை 146, காத்தை விட சுமார் ஐந்து மடங்கு கனம், ஒரே பிரஷர்ல காத்தை விட சுமார் இரண்டரை மடங்கு வோல்டேஜ் தாங்கும். ஃப்ரீ எலக்ட்ரானை பிடிச்சு தன்னோட ஒட்ட வச்சுக்கும், கனமான அயனியா மாறிட்டா அது வேகமா ஓடி அடுத்த எலக்ட்ரானை கிளப்ப முடியாது. இது எல்லா புக்லயும் இருக்கும். ஆனா ஆர்க் அணையறதுக்கு அதைவிட முக்கியமானது இன்னொண்ணு: எஸ்எஃப்6 மூலக்கூறு உடையறது சுமார் 2,000 கெல்வின்ல. உடையும்போது வெப்பத்தை நிறைய குடிக்கும், வெப்பம் கடத்தும் திறனும் அந்த இடத்துல உச்சத்துக்கு போகும். அந்த சூட்டுல கேஸ் இன்னும் மின்சாரம் கடத்த ஆரம்பிக்கல. அப்போ ஆர்க்கை சுத்தி, மின்சாரம் கடத்தாத ஆனா வெப்பத்தை வேகமா வெளிய எடுத்துட்டு போற ஒரு உறை உருவாகுது, நடுவுல கடத்துற கோர் மட்டும் ஒல்லியா மிஞ்சும். நைட்ரஜன் உடையறது 7,000 கெல்வின் பக்கத்துல, அதனால அந்த லாபம் அதுக்கு கிடைக்கல. கோர் ஒல்லியா இருந்தா அதுல தேங்கின வெப்பமும் குறைவு, ஜீரோல சட்டுனு ஆறிடும். பிறகு உடைஞ்ச துண்டுகள்ல பெரும்பகுதி திரும்ப எஸ்எஃப்6ஆவே சேர்ந்துடும், அதனாலதான் அதே கேஸை வருஷக்கணக்கா வச்சு ஓட்ட முடியுது.

டிரிப்ல இருந்து கிளியர் வரைக்கும் ஒரு பஃபர் பிரேக்கரை பின்தொடர்ந்து பாருங்க

டிராயிங்ல கட் செக்ஷன் இருந்தா பக்கத்துல வச்சுக்கிட்டு இதை படிங்க. டிரிப் காயில் லாட்ச்சை விடுவிக்குது, ஸ்பிரிங் மூவிங் பார்ட்டை இழுக்குது. மூவிங் பார்ட்னா அதுல சிலிண்டர், நாஸில், மெயின் கான்டாக்ட், ஆர்க்கிங் கான்டாக்ட் எல்லாம் சேர்ந்தே நகரும், பிஸ்டன் மட்டும் நகராம நிக்கும். சிலிண்டர் பிஸ்டன் மேல ஏற ஏற உள்ள இருக்கிற கேஸ் நசுங்குது. முதல்ல மெயின் கான்டாக்ட் பிரியும், இது வெள்ளி பூசின காப்பர், கரண்ட் உடனே உள்ள இருக்கிற ஆர்க்கிங் கான்டாக்டுக்கு மாறிடும், அது காப்பர் டங்ஸ்டன், சூட்டை தாங்கறதுக்குன்னே போட்டது. சில மில்லி செகண்ட் கழிச்சு ஆர்க்கிங் கான்டாக்டும் பிரியும், அங்கதான் ஆர்க் பிறக்கணும், நாஸிலுக்கு உள்ள, வேற எங்கயும் இல்ல.

கரண்ட் பீக்ல இருக்கும்போது ஆர்க் அவ்வளவு தடிமன், நாஸிலோட கழுத்தையே அடைச்சுடும். பாக்க தப்பு மாதிரி தெரியும், ஆனா இது தேவையான விஷயம். அடைச்சதால கேஸ் வெளிய போக முடியாம சிலிண்டருக்குள்ள பிரஷர் ஏறுது, ஆர்க் சூட்டால இன்னும் ஏறுது, நாஸில் டெஃப்லானோட மேல் தோல் கொஞ்சம் ஆவியாகி அதுவும் பிரஷரை ஏத்துது. கரண்ட் ஜீரோவை நோக்கி இறங்க இறங்க ஆர்க் ஒல்லியாகி கழுத்து திறக்குது, சேர்த்து வச்ச பிரஷர் எல்லாம் சரியா அந்த நேரத்துல பாயுது. நாஸில் குறுகி பிறகு விரியற ஷேப்ல இருக்கிறது இதுக்குத்தான், சிலிண்டர் பிரஷர் வெளி பிரஷரை விட சுமார் 1.7 மடங்கு தாண்டினா கழுத்துல ஃப்ளோ ஒலி வேகத்தை தொடும், விரியற பக்கம் அதையும் தாண்டும்.

செல்ஃப் பிளாஸ்ட் டைப்ல இந்த யோசனையை இன்னும் ஒரு படி மேல கொண்டு போயிருக்காங்க. பெரிய கரண்டுக்கு ஆர்க்கோட சூட்டையே வச்சு ஒரு தனி வால்யூம்ல பிரஷர் ஏத்திக்கும், சின்ன கரண்டுக்கு ஆர்க் சூடு பத்தாதுங்கறதால ஒரு குட்டி பஃபரும் கூட இருக்கும். மெக்கானிசம் கேஸை நசுக்கற வேலை குறையுது, அதனால ஹைட்ராலிக் இல்லாம ஸ்பிரிங்கே போதும். கரண்டுக்கு ஏத்த அளவு அடிங்கறதால சாப்பிங்கும் குறைவு. என் கணக்குல இந்த துறைல வந்த நல்ல யோசனைகள்ல இது முதல் வரிசை.

மொத்த நேரம்: 3 சைக்கிள் பிரேக்கர்னா 50 ஹெர்ட்ஸ்ல 60 மில்லி செகண்ட், 2 சைக்கிள்னா 40. ஒவ்வொரு பிரேக்கருக்கும் குறைஞ்சபட்ச ஆர்க்கிங் டைம்னு ஒண்ணு இருக்கு, கான்டாக்ட் பிரிஞ்ச உடனே ஜீரோ வந்தாலும் கேப்பும் பத்தாது, பிரஷரும் பத்தாது, அந்த ஜீரோவை விட்டுட்டு அடுத்ததுல அணைக்கும். முதல் ஜீரோல அணையலைன்னா அது ஃபெயிலியர் இல்ல, டிசைனே அப்படித்தான்.

ஒரு விதிவிலக்கு கெபாசிட்டர் பேங்க், லோடு இல்லாத நீள லைன் இதெல்லாம். கரண்ட் சின்னது, முதல் ஜீரோலயே சுலபமா அணைஞ்சுடும், ஆபத்தே அதுதான். கேப் இன்னும் குட்டி, லைன்ல சார்ஜ் மாட்டிக்கிட்டு நிக்குது, அரை சைக்கிள் கழிச்சு சோர்ஸ் பக்கம் எதிர் பீக்குக்கு போகும். 245 கேவில பேஸ் பீக் 200 கேவி, அப்போ கான்டாக்ட் நடுவுல 400 கேவி. அந்த 10 மில்லி செகண்டுக்குள்ள கேப் போதுமான அளவு வளந்திருக்கணும், இங்க ஓப்பனிங் ஸ்பீடுதான் எல்லாம்.

இப்போ டெஸ்ட் ரிப்போர்ட்டுக்கு வருவோம்

கை வைக்கறதுக்கு முன்னாடி: ஐசோலேட் பண்ணி இரண்டு பக்கமும் எர்த் போடுங்க, ஸ்பிரிங் ஓப்பன், குளோஸ் இரண்டும் டிஸ்சார்ஜ் ஆயிருக்கான்னு பாருங்க, கிரேடிங் கெபாசிட்டர் இருந்தா அதையும் டிஸ்சார்ஜ் பண்ணுங்க. சார்ஜ் ஆன ஸ்பிரிங் கையை எடுத்துடும், இதுல அவசரம் வேண்டவே வேண்டாம்.

கேஸ் டென்சிட்டி முதல்ல. பாக்க வேண்டியது டென்சிட்டி, வெறும் பிரஷர் இல்ல, வெயில்ல பிரஷர் ஏறும், குளிர்ல இறங்கும், மூலக்கூறு எண்ணிக்கை அதேதான். டெம்பரேச்சர் காம்பென்சேட் ஆன டென்சிட்டி மானிட்டர் அதுக்குத்தான். அலாரம் வந்தா கசிவை தேடணும், லாக்அவுட் வந்தா பிரேக்கர் தானே திறக்க மறுக்கும். அந்த லாக்அவுட்டை ஜம்பர் போட்டு தாண்டறது உயிரோட விளையாடறது, கேஸ் பத்தாம பிரேக்கர் திறந்தா ஆர்க் நாஸிலுக்குள்ள நின்னுட்டே இருக்கும், பிறகு சேம்பரே வெடிக்கும்.

அடுத்து ஈரப்பதமும் சல்ஃபர் டை ஆக்ஸைடும். ஆர்க்ல உடைஞ்ச துண்டுகள் ஈரத்தோட சேர்ந்தா ஹைட்ரஜன் ஃப்ளூரைடு வரும், அது இன்சுலேட்டர் மேற்பரப்பை அரிக்கும். உள்ள இருக்கிற மாலிக்யூலர் சீவ் இதையெல்லாம் உறிஞ்சுக்கும், அதுக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. ட்யூ பாயின்ட் (ஈரம் நீரா படிய ஆரம்பிக்கிற வெப்பநிலை) வருஷத்துக்கு வருஷம் மேல ஏறுதுன்னா கவனிங்க. ஃபால்ட் எதுவும் கிளியர் பண்ணாத கம்பார்ட்மென்ட்ல சல்ஃபர் டை ஆக்ஸைடு தெரிஞ்சா எங்கயோ பார்ஷியல் டிஸ்சார்ஜோ லூஸ் கான்டாக்டோ இருக்குன்னு அர்த்தம்.

டைமிங்ல ஐஇசி சொல்றது, மூணு போலும் (ஒரு பேஸுக்கு ஒரு போல்) குளோஸ் ஆகறதுல வித்தியாசம் கால் சைக்கிளுக்குள்ள, ஓப்பன் ஆகறதுல ஆறுல ஒரு பங்கு சைக்கிளுக்குள்ள, அதாவது 50 ஹெர்ட்ஸ்ல 5 மில்லி செகண்டும் சுமார் 3.3 மில்லி செகண்டும். ஆனா டைமிங் நம்பர் மட்டும் பாத்துட்டு கையெழுத்து போடாதீங்க, டிராவல் கர்வ் (கான்டாக்ட் எந்த நேரத்துல எவ்வளவு தூரம் நகருதுங்கற வரைபடம்) எடுத்து கான்டாக்ட் பிரியற இடத்துல ஸ்பீடு என்னன்னு பாருங்க. ஸ்பீடு குறைஞ்சா கேஸும் நசுங்காது, கேப்பும் வளராது, மேல சொன்ன இரண்டு கட்டமும் ஒண்ணா அடி வாங்கும்.

கான்டாக்ட் ரெசிஸ்டன்ஸ், பத்து பத்தா மைக்ரோ ஓம்ல வரும், இதுலதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. பிரேக்கர் மூடி இருக்கும்போது கரண்ட் கிட்டத்தட்ட முழுசும் மெயின் கான்டாக்ட்ல போகுது. ஆர்க்கிங் கான்டாக்ட் பாதி எரிஞ்சு போயிருந்தாலும் அந்த ரீடிங் அழகா வரும்! அதை பிடிக்கத்தான் டிசிஆர்எம். 100 ஆம்பியரோ அதுக்கு மேலயோ டிசி விட்டுட்டு பிரேக்கரை திறந்து, ரெசிஸ்டன்ஸ் மாறறதை டிராவலோட சேர்த்து ரெக்கார்டு பண்ணுவாங்க. கர்வ்ல முதல்ல ஒரு தாழ்ந்த சமதளம், அது மெயின் கான்டாக்ட். பிறகு ஒரு படி ஏறும், மெயின் பிரிஞ்சுடுச்சு. பிறகு உயரமான இரண்டாவது தளம், இப்போ ஆர்க்கிங் கான்டாக்ட் மட்டும் தனியா கரண்டை சுமக்குது. அதுவும் பிரிஞ்சதும் கர்வ் நேரா மேல போயிடும். அந்த இரண்டாவது தளத்தோட நீளத்தை மில்லிமீட்டர்ல அளங்க, ஆர்க்கிங் கான்டாக்ட் எவ்வளவு மிச்சம் இருக்குங்கறது அதுதான். புதுசா இருந்தப்போ எடுத்த கர்வோட வச்சு பாருங்க. நீளம் குறைஞ்சு குறைஞ்சு மெயினோட ஒட்டி வந்துட்டா ஆர்க் வெள்ளி கான்டாக்ட்லயே பிறக்கும், அது நாஸிலுக்கு வெளிய, கேஸ் எவ்வளவு வேகமா பாஞ்சாலும் அங்க எட்டாது. தளம் நேரா இல்லாம மேடும் பள்ளமுமா இருந்தா ஆர்க்கிங் கான்டாக்டோட விரல்கள் வளைஞ்சிருக்கு, இல்ல முனை குழி விழுந்திருக்கு.

சேம்பர் திறக்கற நிலை வந்தா கேஸை கேஸ் கார்ட்ல (கேஸை உறிஞ்சி சேமிக்கிற வண்டி) உறிஞ்சி எடுக்கணும், வெளிய விடக்கூடாது, நூறு வருஷ கணக்குல ஒரு கிலோ எஸ்எஃப்6 சூடேத்தறது 23,500 கிலோ கார்பன் டை ஆக்ஸைடுக்கு சமம்னு ஐநா காலநிலை குழுவான ஐபிசிசியோட ஐந்தாவது அறிக்கை சொல்லுது. கனமான கேஸ், கேபிள் டிரெஞ்சுலயும் குழியிலயும் போய் தங்கும், வாசனை இல்லாம மூச்சு முட்ட வைக்கும். உள்ள சாம்பல் கலந்த வெள்ளை பொடி படிஞ்சிருக்கும், அதை ஊதவோ வெறுங்கையால தொடவோ கூடாது, மாஸ்க், கிளவுஸ், சரியான வேக்யூம் கிளீனர் கட்டாயம். நாஸில் கழுத்தை அளந்து பாருங்க, ஒவ்வொரு ஃபால்ட்டும் அதை கொஞ்சம் அகலமாக்கும், அகலமாச்சுன்னா பிரஷர் ஜீரோ வர்றதுக்கு முன்னாடியே ஒழுகி போயிடும். டங்ஸ்டன் முனை உருண்டையா தேஞ்சிருந்தா அது வழக்கமானது, ஒரு பக்கம் மட்டும் தேஞ்சிருந்தா அலைன்மென்ட்டை பாருங்க.

எஸ்எஃப்6க்கு மாற்றா வர்ற பிரேக்கர்கள்ல கார்பன் டை ஆக்ஸைடும் ஆக்சிஜனும் கலந்து, சிலதுல சி4 நைட்ரைலும் (ஃப்ளூரின் சேர்ந்த ஒரு கேஸ்) சேர்த்து விடறாங்க. பஃபரும் நாஸிலும் அதே தத்துவம்தான், மேல சொன்ன டைமிங், டிராவல், டிசிஆர்எம் எல்லாம் அப்படியே பொருந்தும். வித்தியாசம் என்னன்னா அந்த நைட்ரைல் மூலக்கூறு ஆர்க்ல உடைஞ்சா எஸ்எஃப்6 மாதிரி திரும்ப பழையபடி சேராது, ஒவ்வொரு ஃபால்ட்டுக்கும் கொஞ்சம் குறையும். அதனால அந்த பிரேக்கர்ல டென்சிட்டி சரியா இருக்குன்னு விட்டுடாம கலவை விகிதத்தையும் அளந்து போன தடவை ரீடிங்கோட ஒப்பிட்டு பாருங்க.